மண்ணுளி மேல் போட்ட பழி

பெண் பார்க்கப் போன இடத்தில் முதலில் முகத்தைப் பார்த்தேனா, கையைப் பார்த்தேனா என்று கேட்டால், கையைத்தான் பார்த்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? தட்டில் டீ கிளாஸ்களை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள் ஷாஜியா. விரல் நுனிகளிலும் வலது மணிக்கட்டிலும் தோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் நல்ல மாநிறம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நாத்தனார் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். எனக்குக் கண் தெரியாது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

நான் ஷரபுன்னிசா. திருச்சி பாலக்கரையில் எங்களுக்கு நிலக்கடலை மொத்த வியாபாரம். முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் குடோன். ஒரே மகன் சர்ஃபராஸ் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான், லீவில் வந்திருந்தான். அவனுக்காகத்தான், அவனை வீட்டில் விட்டுவிட்டு, நானும் நாத்தனாரும் தென்னூருக்கு இந்தப் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தோம். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கூலில் விலங்கியல் டீச்சர், பெண்ணைப் பெற்ற அத்தா குவைத்தில் இருக்கிறார், ஒரு தங்கை, ரொம்ப மரியாதையான குடும்பம் என்று தரகர் ஆயிரம் சொன்னார். இந்தக் கையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

என் பார்வை போன இடத்தைப் பெண்ணின் அம்மா ஜெய்த்தூன் பீவி கவனித்துவிட்டாள். வாய் குழறாமல், மனப்பாடம் செய்த பாடம் போலச் சொன்னாள்.

"சின்ன வயசுல மருங்காபுரியில எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, கடலைக் காட்டுல விளையாடிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிட்டா அக்கா. மண்ணுளிப் பாம்பு வந்து கைய நக்கிருச்சு. அதுல வந்த வெள்ளைதான் இது. மத்தபடி எங்க ரெண்டு பக்கத்துப் பரம்பரையிலயும் இப்படி ஒண்ணு கிடையாது."

மண்ணுளி நக்கினால் தோல் வெளுக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நானும் நம்பினேன். நம்பியது மட்டுமா, மனசு லேசாகவும் ஆகிவிட்டது. பாம்பு செய்ததென்றால் பெண்மேல் குற்றமில்லை, பெற்றவள்மேல் குற்றமில்லை, நாளைக்குப் பிறக்கப்போகிற என் பேரப்பிள்ளைக்கும் பயமில்லை. பெண் பிடித்துவிட்டால் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் வாயில் ஒரு சிட்டிகை சீனி போடுவது எங்கள் வழக்கம். போட்டுவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி, அப்புறம் பின்வாங்கக் கூடாது. அதற்கென்று என் மாமியார் கொடுத்த வெள்ளிச் சிமிழைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். பையின் ஜிப்பைக்கூடத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"இல்ல மாமி. பாம்பு ஒண்ணும் பண்ணல."

"ஷாஜி, சும்மா இரு" என்றாள் ஜெய்த்தூன்.

"தோல்ல நெறம் போற வியாதி மாமி இது. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. தொட்டா ஒட்டாது, உடம்புக்கு வேற எந்தக் கெடுதலும் கிடையாது. எங்க அத்தாவோட அண்ணன், பெரியத்தாவுக்கும் இருந்துச்சு. பாம்பு நாக்க நீட்டுறது மோப்பம் பிடிக்க மாமி. யாரையும் நக்குறதுக்கு இல்ல."

ஜெய்த்தூனின் முகம் செத்துப்போய்விட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்த தங்கச்சிக்காரி அல்ஷிஃபா உள்ளே போய்விட்டாள். நான் ஜிப்பை மூடினேன். டீயை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, "எனக்கு சுகர் இருக்கும்மா" என்று சொல்லித் தட்டைத் தள்ளினேன். சுகர் இருப்பது நிஜம்தான். ஆனால் அதே சுகரை வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் பார்த்த வீட்டில் ஜாங்கிரி தின்றவள்தான் நான்.

ஆட்டோவில் வரும்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வேடிக்கை என்னவென்றால், பொய் சொன்ன அம்மாக்காரிமேல் எனக்குக் கோபமே வரவில்லை. உண்மையைச் சொன்ன மகள்மேல்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் பாட்டுக்குச் சீனியைப் போட்டுவிட்டு வந்திருப்பேனே! முகம் பிடித்திருந்தது, நடை பிடித்திருந்தது, அந்தக் குரல்கூடப் பிடித்திருந்தது. கேட்டாளா பாவி? ஒரு பாம்புக்கு வக்கீலாக வந்து தன் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்கொண்டாளே!

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் ஆரம்பித்தாள். "ரத்தத்துலயே இருக்காம் மச்சி. நாளைக்குப் பேரனும் வெள்ளையும் சொள்ளையுமா பிறந்தா என்ன செய்வீங்க?" அவள் என் வீட்டுக்காரரின் தங்கை; அண்ணியை எங்கள் பக்கத்தில் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், ஆனால் காலையும் மாலையும் எங்கள் வீட்டில்தான் காபி. என் வீட்டுக்காரர் ஜெகபர் அலி வழக்கம்போல, "நீ பாத்துச் சொல்லு" என்று கடைக்குள் போய் ஒளிந்துகொண்டார். சர்ஃபராஸ் மட்டும் என் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, எனக்கு அந்தப் பொண்ணுதான் வேணும்."

"போடா. போட்டோவுல பாத்ததுக்கே இப்படியா?"

"பொய் பேசாத பொண்ணா அமையணும்னு தொழுகையில நீதானே துவா கேட்ட?"

"கேட்டேன்டா. அதுக்காக இப்படி நட்ட நடு வீட்டுல உண்மை பேசுற பொண்ணு வேணும்னா கேட்டேன்?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தோம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, வேண்டும் என்று சொல்லத் தைரியமில்லை. போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக நாள் போனது.

கல்யாணத்துக்காக மாடியில் சர்ஃபராஸுக்கு ஒரு ரூம் கட்டிக்கொண்டிருந்தோம். கல்யாணமே ஆடிக்கொண்டிருக்கும்போது ரூம் எதற்கு என்று கொத்தனார் காத்தமுத்துவைக் கொஞ்ச நாள் வராமல் இருக்கச் சொன்னேன். குடோன் சுவர் ஓரம் கொட்டிய மணல் அப்படியே குன்று மாதிரி கிடந்தது. அந்த மாதம் ஒரு அதிசயம் நடந்தது. குடோனில் எலித் தொல்லை குறைந்துவிட்டது. கடலை வியாபாரிக்கு எலி என்றால் தெரியாதா? மூட்டைக்கு மூட்டை ஓட்டை போடும். பொறி வைத்துப் பார்த்தாயிற்று, பூனை வளர்த்துப் பார்த்தாயிற்று, அந்தப் பூனை கடலைத் தோலில் படுத்துத் தூங்கியதுதான் மிச்சம். இப்போது தானாகவே குறைந்ததும், நான் ஓதிய ஓதல்தான் காரணம் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

சும்மா கிடக்கும் மணலை மழைக்கு முன்னால் மூடிவைக்கலாம் என்று ஒருநாள் காத்தமுத்து வந்தார். மண்வெட்டியால் இரண்டு போடு போட்டவர், "ஐயோ அம்மா!" என்று துள்ளிக்கொண்டு குடோன் வாசலுக்கு ஓடிவந்தார்.

"மண்ணுளிம்மா! மணலுக்குள்ள மண்ணுளி! கிட்ட வராதீங்க, நக்குனா குஷ்டம்!" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆனா வித்தா லட்சக்கணக்குல போகும்னு சொல்றாங்கம்மா" என்றார்.

"ஏங்க காத்தமுத்து, நக்குனா குஷ்டம் வர்ற பாம்ப லட்சம் குடுத்து எந்தக் கிறுக்கன் வாங்குவான்?"

"அதெல்லாம் பெரிய எடத்து சமாச்சாரம்மா."

கடையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர், "விக்கிற பேச்சே எடுக்காதீங்க. காட்டிலாகாக்காரங்க உள்ள தூக்கிப் போட்டுருவாங்க" என்றார். சத்தம் கேட்டு நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். எங்கே என்ன நடந்தாலும் அவள் காலுக்கு எப்படித்தான் தெரியுமோ!

நான் எட்டிப் பார்த்தேன். மணிக்கட்டுப் பருமனில், செம்மண் நிறத்தில், பளபளவென்று சுருண்டு கிடந்தது. லாரி மணலோடு வந்ததா, மருங்காபுரிப் பக்கத்துக் கடலை மூட்டையோடு வந்ததா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். காத்தமுத்து மண்வெட்டியை ஓங்கியதும் அது ஓடவில்லை, சீறவில்லை. உடம்பை இறுக்கிச் சுருட்டிக்கொண்டு, மழுங்கலான தலையை மட்டும் தூக்கிக் காட்டியது.

"தலைய ஒரே போடா போட்டுருங்க" என்றாள் நாத்தனார்.

"நிறுத்துங்கண்ணே!" என்று சர்ஃபராஸ் குறுக்கே பாய்ந்தான். ஒரு கையால் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் யாரிடமோ பேசினான். பேசி முடித்துவிட்டு, "ஷாஜியா வர்றாங்க. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாதாம்" என்றான்.

"அந்தப் பொண்ணு நம்பர் உன்கிட்ட எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டேன். பாம்பு பயமே எனக்குப் போய்விட்டது. பயல் மணலைப் பார்த்தான்.

ஸ்கூல் விட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, தோளில் சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றாள் ஷாஜியா. எனக்கு ஸலாம் சொன்னாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. நேராக மணல் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அது அதற்குள் மணலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. அவளே வனத்துறைக்குப் போன் போட்டாள். காலையில்தான் ஆள் வர முடியும் என்றார்கள். இரவு பின்கட்டில் யாரும் நடமாட வேண்டாம், குடோன் கதவைப் பூட்டிவிட்டால் போதும், இது விஷமில்லாத பாம்பு என்று என் வீட்டுக்காரருக்கு விளக்கிச் சொன்னாள். ஆண்கள் அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். காத்தமுத்துவும் கிளம்பிப் போனார். நாத்தனார் பயந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நானும் தொழுதுவிட்டு வந்து, ஜெய்த்தூன் வந்து மகளைக் கூட்டிப்போகும் வரை அவளோடு பின்வாசல் படியில் உட்கார்ந்தேன்.

"மாமி, பேசாதீங்க. சுவர் ஓரத்துல பாருங்க" என்றாள் மெதுவாக.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பல்பு வெளிச்சத்தில் மணல்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால், மணலுக்கு வெளியே ஒரு மூக்கு நுனியும் கடுகளவு இரண்டு கண்ணும். மற்ற உடம்பெல்லாம் உள்ளே. அப்படியே கிடந்தது. எனக்குக் கால் மரத்துப்போனது, அதற்கு மரத்துப்போகவில்லை. குடோன் கதவின் அடியிலிருந்து ஒரு எலி வந்தது. மோந்து மோந்து, நின்று நின்று, சுவரை ஒட்டியே வந்தது. மூக்கு நுனியைத் தாண்டும்போது மணல் வெடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. பக்கவாட்டில் வாயால் கவ்வி, நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் எலியைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது.

"எலி மூச்ச விடும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இறுக்கும் மாமி. சீக்கிரம் முடிஞ்சிரும். ரொம்ப நேரம் வதைக்காது" என்றாள் ஷாஜியா.

பிறகு அது சுருளைத் தளர்த்தி, நாக்கை நீட்டி நீட்டி எலியைத் தடவிப் பார்த்தது. தலை எந்தப் பக்கம் என்று தேடுகிறதாம். தலைப் பக்கமிருந்து மெல்ல விழுங்கியது. எனக்கு அருவருப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதைவிட, என் ஓதலால் எலி போகவில்லை என்பதுதான் மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

"ஒரு மாசமா எங்க குடோனக் காவல் காத்தது இதுதானா?"

"இதுக்குத் தேவை ரெண்டே ரெண்டுதான் மாமி. மறைய லேசான மண்ணு, பசிக்கு எலி. அது கடலைக் காடா இருந்தாலும் சரி, பாலக்கரை குடோனா இருந்தாலும் சரி, இருந்துக்கும். அது பாட்டுக்கு இருக்கும், நம்மகிட்ட எதுவும் கேக்காது."

"மத்தியானம் மண்வெட்டிய ஓங்குனப்ப ஓடாம தலையத் தூக்கிக் காட்டுச்சே, அவ்வளவு திமிரா அதுக்கு?"

அவள் சிரித்தாள். "அது தலை இல்ல மாமி, வாலு. தலையச் சுருளுக்குள்ள ஒளிச்சு வச்சுக்கும். வால் மழுங்கலா இருக்கறதால பாக்குறவங்க அதத் தலைன்னு நினைச்சு அடிப்பாங்க. தலையக் காப்பாத்த வாலக் குடுத்துரும். அதோட வால்ல பாருங்க, எவ்வளவு தழும்பு."

அவளே மேலும் சொன்னாள். "எங்கம்மாவும் அதத்தான் செய்யுறாங்க. பாம்ப முன்னால காட்டிட்டு எங்க ரெண்டு பேரையும் பின்னால ஒளிச்சு வைக்கிறாங்க. அவங்கமேல எனக்குக் கோபம் இல்ல மாமி. ஆனா அடி யாருக்கு விழுந்துச்சுன்னு நான் பாத்தேன்."

"என்ன பாத்த?"

"கையில முதல் புள்ளி வந்தப்ப, எங்க பெரியத்தாவுக்கு இருக்கறது வெளிய வரக் கூடாதுன்னு அம்மா பாம்புக் கதையச் சொன்னாங்க. மருங்காபுரியில எங்க மாமாமாரு அத நிஜம்னு நம்பிட்டாங்க. தங்கச்சி மகள நக்குன பாம்ப விடக் கூடாதுன்னு கடலைக் காடு முழுக்க வரப்ப வெட்டி, வளையத் தோண்டி, இருந்த மண்ணுளி அத்தனையும் அடிச்சுட்டாங்க. கம்புல கோத்துக் கொண்டுவந்து என்கிட்ட காட்டுனாங்க, எனக்குச் சந்தோஷமா இருக்கும்னு. அதுல ஒண்ணு வயித்துக்குள்ள குட்டியோட இருந்துச்சு மாமி. இது முட்டை போடாது, குட்டிதான் போடும். அடுத்த வருஷம் எலி தின்னது போக வீட்டுக்குக் கடலையே வரல. இன்னைக்கு வரைக்கும் அங்க எலிதான். எல்லாம் என் பேரச் சொல்லி." துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொய்ய என் வாயால சொல்லி நான் ஒரு வீட்டுக்குள்ள வந்தா, எனக்குத் தூக்கம் வருமா?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "டீ குடிக்கிறியாம்மா?" என்று கேட்டேன்.

டீ போட எழுந்த நேரத்தில் ஜெய்த்தூன் வந்தாள். மகளைக் கூட்டிப்போக வந்தவள், அடுப்படிக்குள் என் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் பொய் சொன்னேன். என்னத் திட்டணும்னா திட்டுங்க. இவ கல்யாணம் நடக்கலன்னாலும் இவ சம்பாதிச்சுப் பொழச்சுக்குவா. சின்னவ இருக்காளே, அல்ஷிஃபா! அவ உடம்புல ஒரு புள்ளி கிடையாது. ரத்தத்துல இருக்குன்னு வெளிய தெரிஞ்சா அவளையும் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. உங்களுக்கு வேண்டாம்னா விட்டுருங்க. ஆனா கேக்குறவங்ககிட்ட பாம்புன்னே சொல்லுங்க அக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

என் கை முழுக்க அவள் கண்ணீர். தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நான் மட்டும் இரண்டு பெண்ணைப் பெற்றிருந்தால் ஒரு பாம்பையா சொல்லியிருப்பேன்? காட்டையே சொல்லியிருப்பேன்.

காலையில் பின்கட்டு நிறைய ஆள். காத்தமுத்து வந்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் குடோன் படியில் ஏறி நின்றார்கள். ஷாஜியா ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு வந்திருந்தாள். எலி தின்ற பாம்பு மணலுக்கு மேலே சோம்பலாகக் கிடந்தது. வனத்துறை ஆள் இன்னும் வரவில்லை. அப்போது என் நாத்தனார் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"மச்சி, நான் ராத்திரி பூரா யோசிச்சேன். பையன் ஒத்தக் கால்ல நிக்கிறான். எனக்கு என்ன, நல்லா இருக்கட்டும். பாம்பு நக்குனதுன்னே நாமளும் சொல்லிருவோம். நம்ம சனத்துக்கு ஒரு பதில் ஆச்சு, தங்கச்சிப் பொண்ணுக்கும் பாதகமில்ல. கல்யாணத்தப் பேசி முடிச்சிருவோம். ஆனா அந்தச் சனியன முதல்ல அடிச்சுப் போடுங்க. நக்குற பாம்ப அடிக்காம உயிரோட அனுப்புனா, அப்ப வெள்ளைக்குக் காரணம் பாம்பு இல்ல போலிருக்கேன்னு ஊரு கேக்கும்."

சொல்லப்போனால் நல்ல யோசனைதான். எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடும். என் மகனுக்குப் பெண், ஜெய்த்தூனுக்கு நிம்மதி, எனக்கு மருமகள், நாத்தனாருக்குப் பெருமை. நான் தலையை ஆட்டினால் போதும். காத்தமுத்து என் தலையையே பார்த்துக்கொண்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தார். ஜெய்த்தூன் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள். ஷாஜியா பேசுவாள் என்று நினைத்தேன், அவளோ இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் டீத்தட்டை ஏந்திக்கொண்டு வந்த கை அது.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ!

"மண்வெட்டியக் கீழ போடுங்க காத்தமுத்து!" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் ஏறினேன். "அம்மா!" என்று சர்ஃபராஸ் கத்தினான். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே பாம்பின் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை அதன் மூக்குக்கு நேரே நீட்டினேன். அது கொஞ்சம் தலையைத் தூக்கியது. நாக்கு வெளியே வந்தது. என் மணிக்கட்டில் பட்டதும் படாததுமாக நாலு தடவை தொட்டுவிட்டு, எனக்கு இது வேண்டாம் என்பதுபோல முகத்தைத் திருப்பி மணலில் வைத்துக்கொண்டது.

எழுந்து நின்று கையை எல்லாருக்கும் காட்டினேன். "எல்லாரும் பாத்துக்குங்க. என்னையும் நக்கிருச்சு. வெள்ளை வரலன்னா இது மேல இனிமே ஒருத்தரும் பழி போடக் கூடாது. வந்துச்சுன்னா எனக்கும் என் மருமகளுக்கும் ஒரே நெறம், அதுவும் பொருத்தம்தான்."

"அப்ப ரத்தத்துல இருக்குன்னு ஆயிருமே மச்சி!" என்றாள் நாத்தனார்.

"இருக்கட்டுமே! நம்ம ரத்தத்துல என்ன பன்னீரா ஓடுது? எங்கம்மாவுக்கு சுகர், எனக்கு சுகர், நாளைக்கு என் மகனுக்கும் வரும். உங்க அத்தாவுக்கு முப்பது வயசுல தலை வழுக்கை, உங்கண்ணனுக்கும் வழுக்கை, உன் மகன் ஹாலித் இப்பவே தொப்பியக் கழட்ட மாட்டேங்கிறான். அதுக்கெல்லாம் எந்தப் பாம்ப அடிச்சோம் நாம? என்கூட பொறந்தவன் சுகர்ல காலையே எடுத்தான். இந்தப் பொண்ணுக்குத் தோல்ல கொஞ்சம் நெறம் போச்சு, அவ்வளவுதான். இது ஒரு குத்தமா? இதுக்கு ஒரு பொய்ச் சாட்சி, ஒரு கொலை வேறயா?"

படியில் நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

"சர்ஃபராஸ், என் பையில வெள்ளிச் சிமிழ் இருக்கு, எடுத்துட்டு வா" என்றேன். கொண்டுவந்தான். மணல் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஷாஜியாவின் வாயில் சீனியைப் போட்டேன். அழுதுகொண்டே தின்றாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். எனக்கு அது போதவில்லை.

"இப்ப நீ எனக்குப் போடு" என்றேன்.

"உங்களுக்கு சுகர் இருக்கே மாமி."

"அன்னைக்கு டீ எடுக்காததுக்குக் கழிச்சுக்கறேன். கைய வெளிய எடு."

துப்பட்டாவுக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. அந்த வெள்ளை விரலால் ஒரு சிட்டிகை எடுத்து என் வாயில் போட்டாள். எல்லாரும் பார்க்கட்டும் என்று, விரலில் ஒட்டியதையும் விடாமல் வாங்கிக்கொண்டேன்.

ஜெய்த்தூன் சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றிருந்தாள். பக்கத்தில் போய், "சின்னவளக் கேட்டு யாராவது வந்து, ரத்தம் பரம்பரைன்னு பேசுனா, நேரா என்கிட்ட அனுப்பு. எங்க வீட்டு மருமகளப் பாத்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறமும் வேண்டாம்னு சொல்றவன் நமக்கு வேண்டாம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஒரு பேச்சில் போகிற பயமா அது?

அப்போதுதான் வனத்துறையிலிருந்து தைரியராஜ் என்ற ஆள் பையும் கொக்கியுமாக வந்து சேர்ந்தார். பாம்பை நோகாமல் தூக்கித் துணிப்பைக்குள் விட்டு வாயைக் கட்டினார். "நல்லா வளந்த பாம்பு. சாப்பாட்டுக்குக் குறை வைக்கல போலிருக்கு" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க சார் கொண்டுபோய் விடுவீங்க?" என்று ஷாஜியா கேட்டாள்.

"லேசான மண்ணும் எலியும் இருக்கற எடமாப் பாத்து விடணும். எங்க அதிகாரிதான் சொல்லுவாரு."

அவர் பையோடு வாசல் வரைக்கும் போய்விட்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை, சுவரோரம் நின்ற ஜெய்த்தூன் பின்னாலேயே ஓடினாள். புர்கா தடுக்கி விழப் பார்த்தாள். பையைத் தொடப் பயந்து, தைரியராஜின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மருங்காபுரியில விடச் சொல்லுங்கண்ணே. எங்கம்மா வீட்டுக் கடலைக் காடு அங்கதான் இருக்கு. எங்க அண்ணன்மாருகிட்ட நான் பேசிக்கறேன். ஒருத்தரும் இத அடிக்க மாட்டாங்க." மூச்சு வாங்கினாள். மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அவரிடம் சொன்னாள். "அங்க எலி ரொம்ப ஜாஸ்தியாப் போச்சுண்ணே. இருந்த மண்ணுளிய ஒண்ணுகூட மிச்சமில்லாம நாங்கதான் அடிச்சுட்டோம்."